வலி வந்துடுச்சா? பிரசவ அறையில் பேச்சு எங்கே போச்சு?

இந்த எபிசோடை அடி அண்ணாமலையிலிருந்து பதிவு பண்றேன். கிரிவலம் வந்தவங்களுக்கு ஊர் தெரிஞ்சிருக்கும். 14 கி.மீ. பாதையில் கால் வலிக்க ஆரம்பிக்கிற நேரத்தில், மலைக்குப் பின்பக்கம் ஆதி அண்ணாமலையார் கோயில் வரும். அதைச் சுத்தித்தான் ஊர்.

இந்த மலையைச் சுத்தி குழந்தை பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தா இடுக்குப் பிள்ளையார் கோயில். குறுகலான வாசலுக்குள் ஒருக்களிச்சுப் படுத்து ஊர்ந்து வெளியே வரணும். பிள்ளை வரம் கேட்கிறவங்களும் அந்த வரிசையில் நிப்பாங்க. கார்த்திகை தீபத் திருவிழாவில், வேண்டுதல் பலிச்சவங்க கரும்பில் தொட்டில் கட்டி, குழந்தையை அதில் போட்டு மாட வீதியைச் சுத்தி வருவாங்க. பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகன் என்பது இங்கே நம்பிக்கை. மாசி மாசம் சாமியே போய் அவருக்குத் திதி கொடுக்கிறார்.

பிள்ளை கேட்க ஒரு கோயில், பிறந்ததைக் கொண்டாட ஒரு திருவிழா. நடுவில் அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கே, பிரசவ அறைக்குள்? அங்கே அந்தப் பெண்ணிடம் யார் என்ன பேசுறாங்க? இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

இதை இப்போ எடுத்ததுக்குக் காரணம் என் அக்கா. அவளுக்கு ஏழாம் மாசம். போன மாசம் செக்கப் முடிச்சு வந்து ஃபைலை என் கையில் கொடுத்து, "டேய், இதுல என்னடா எழுதியிருக்கு? நீதான் இன்ஜினியர் ஆச்சே"ன்னு கேட்டா. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். அவ உடம்பைப் பத்திய ஃபைல், அவளுக்குப் புரியாத மொழியில், அதுக்குச் சம்பந்தமே இல்லாத தம்பி கூகிள் பண்ணி விளக்கம் சொல்றான். டாக்டர் நல்லவங்கதான், ஆனா வெளியே நாப்பது பேர் உட்கார்ந்திருந்தாங்களாம்.

அன்னைக்கு அம்மாவும் பேச ஆரம்பிச்சாங்க. அவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் சொல்றேன். நான் பிறந்தப்போ தையல் போட்டிருக்காங்க என்பதே அம்மாவுக்கு அடுத்த நாள் வலிச்சப்போதான் தெரியுமாம். வெட்டப் போறோம்னு யாரும் சொல்லலை. கத்தினப்போ மட்டும் ஒரு குரல் கேட்டிருக்கு: "பெத்துக்க வந்துட்டு என்ன சத்தம்?" இருபத்தெட்டு வருஷம் கழிச்சும் அம்மா அதை வார்த்தை மாறாம சொல்றாங்க.

அந்த ஒரு வரி எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனா, நூத்தி எண்பது வருஷம் பின்னாடி போக வேண்டியிருக்கு.

பேசாத மூன்று பெண்கள்

திருவண்ணாமலையிலிருந்து பக்கத்தில் இருக்கிற கதையிலிருந்து ஆரம்பிப்போம். கிழக்கே செஞ்சி தாண்டினா திண்டிவனம். 1890-களின் தொடக்கம். அங்கே மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடர் வீட்டில் அவர் மகள் ஐடா ஸ்கடர் தங்கியிருக்கிறார். ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், ஒருத்தர் பின் ஒருத்தராக, வந்து கதவைத் தட்டுறாங்க. மூணு பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகியிருக்கு. "என் அப்பா டாக்டர், அவர் வருவார்" என்கிறார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம், நீங்க வாங்க என்கிறாங்க அவங்க. ஐடாவுக்கு அப்போ மருத்துவமே தெரியாது. விடியும்போது மூணு பெண்களும் இறந்துட்டாங்க.

அந்த ராத்திரிதான் ஐடாவை மருத்துவம் படிக்க வெச்சது. 1899-ல் கார்னெலில் பட்டம். 1902-ல் வேலூரில் ஷெல் மருத்துவமனை. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்னைக்கு சிஎம்சி.

இது வரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். இப்போ இதே கதையில் யார் யார் பேசுறாங்கன்னு மட்டும் பாருங்க. மூணு கணவர்கள், ஐடா, அவர் அப்பா. அவ்வளவுதான். அந்த மூணு பெண்கள் என்ன நினைச்சாங்க, ஆண் டாக்டர் வந்தாலும் பரவாயில்லை, உயிர் பிழைச்சா போதும்னு ஒருத்தியாவது சொன்னாளா? நமக்கு அது வந்து சேரலை. அவங்க பெயர்கூட வரலை. அவங்க சார்பில் வாசலுக்கு வந்து பேசினது எல்லாம் கணவர்கள்தான்.

மெட்ராஸில் ஆஸ்பத்திரி இருந்தது

அதுக்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1844-ல், மெட்ராஸில் பிரசவத்துக்குன்னே தனி மருத்துவமனை தொடங்கியாச்சு. இன்றைய எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையின் ஆரம்பம் அது. டாக்டர்களும் மருத்துவச்சிகளும் பயிற்சி எடுத்த இடமும் அதுதான்.

பிரச்சினை, திண்டிவனத்தில் பார்த்ததேதான். டாக்டர்கள் எல்லாரும் ஆண்கள். ஆகவே அந்தக் காலத்தில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: பெண் டாக்டர்களை எப்படி உருவாக்குவது? கணவரோடு மெட்ராஸ் வந்த மேரி ஷார்லிப் முதலில் இந்த மருத்துவமனையில் பிரசவம் பார்க்கக் கத்துக்கிட்டார். 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் அவர் உட்பட நாலு பெண்களைச் சேர்த்துக்கிட்டது. உலகத்தில் பல பெரிய கல்லூரிகள் பெண்களுக்குக் கதவைத் திறக்காத காலம் அது. பிறகு லண்டனில் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 1885-ல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைன்னு போர்டு இருக்கும். வயசானவங்க இன்னும் "கோஷா ஆஸ்பத்திரி"ன்னுதான் சொல்வாங்க. திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்களுக்கானது என்று அர்த்தம்.

1912-ல் முத்துலட்சுமி ரெட்டி அதே மெடிக்கல் காலேஜில் பட்டம் வாங்கினார். 1938-ல் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் மகப்பேறு மருத்துவப் பாடநூல் வந்தது. இங்கே நடந்த பிரசவங்களைப் பார்த்து, இங்கே இருந்த ஒருத்தர் எழுதின புத்தகம். அதோட புதிய பதிப்புகளை மாணவர்கள் இன்னைக்கும் படிக்கிறாங்க.

அதாவது, பெண் டாக்டர் வந்தாச்சு, நம்ம ஊர் டாக்டரும் நம்ம ஊர்ப் பாடநூலும் வந்தாச்சு. ஆனா பாடம் முழுக்க இங்கிலீஷ்.

மானிப்பாயில் ஒரு மாற்று வழி

அதே பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தா என்ன? இதை ஒருத்தர் வெறும் யோசனையா விடாம செஞ்சே பார்த்திருக்கார். அதுக்கு நாம கடல் தாண்டி யாழ்ப்பாணம் போகணும். 1847-ல் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் அங்கே வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தினார். முதலில் இங்கிலீஷில் பாடம் எடுத்தார். ஒரு சிக்கல் தெரிஞ்சது. இங்கிலீஷில் படிச்ச பையன்கள் அரசாங்க வேலைக்குப் போயிடுறாங்க. கிராமத்தில் யாரும் தங்கலை.

அவர் போட்ட தீர்வு ரொம்ப துணிச்சலானது. பாடத்தையே தமிழுக்கு மாத்திட்டார். 1857-ல் டப்ளின் மருத்துவர் மான்செலின் பிரசவ மருத்துவ நூல் தமிழில் வந்தது. பிறகு அறுவை மருத்துவம், உடற்கூறு, வேதியியல் என்று வரிசையாக. இல்லாத சொற்களை உருவாக்கி, கலைச்சொல் பட்டியல்களையும் தொகுத்தார். 1860-களில் மருத்துவ வகுப்பு முழுக்கத் தமிழில் நடந்தது. அவரிடம் படிச்சு வெளியே வந்தவங்க அறுபது பேருக்கும் மேல். மதம் பரப்ப வந்த மிஷனரிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா நோயாளி பேசுற மொழியிலேயே டாக்டரும் படிக்கணும் என்பதில் அவர் நம்மைவிட முன்னாடி இருந்தார்.

கிரீனுக்குப் பிறகு அந்த வழி தொடரலை. இங்கேயும் அங்கேயும் மருத்துவப் படிப்பு இங்கிலீஷிலேயே நிலைச்சது. அதுக்குக் காரணங்கள் இருக்கு, உலகளாவிய ஆராய்ச்சி எல்லாம் அதில்தான் வருது. ஆனா அதன் விலையை யார் கொடுக்கிறாங்க? படிக்கிற மாணவி ஒரே பிரசவத்தை ரெண்டு மொழியில் தெரிஞ்சுக்கணும். புத்தகத்தில் ஒன்று, வார்டில் ஒன்று. புத்தக மொழிக்குத் தேர்வு உண்டு. வார்டு மொழிக்கு ரொம்ப காலம் தேர்வும் இருந்ததில்லை, ஆசிரியரும் இருந்ததில்லை.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

உதாரணத்துக்கு "வலி". இங்கிலீஷ் பாடநூலில் வலி என்பது ஒரு தொல்லை, குறைக்க வேண்டிய விஷயம். நம்ம வீட்டில்? "வலி வந்துடுச்சா?" என்றால் பிரசவம் தொடங்கிடுச்சா என்று அர்த்தம். "வலி வரலையே" என்பது கவலை. சூட்டு வலி வேற, பிள்ளை வலி வேற. வலிமை என்ற சொல்லுக்குள்ளேயும் அதே வலிதான் இருக்கு.

சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990-களில் தமிழ்நாட்டில் தங்கி ஆய்வு செஞ்சார். சென்னை நொச்சிக்குப்பம் மாதிரி இடங்களில் பெண்களிடம் பிரசவத்தைப் பத்திக் கேட்டார். 2003-ல் புத்தகமா வந்தது. அமெரிக்கப் பெண்கள் வலியைக் குறைக்க ஊசி கேட்டப்போ, இங்கே பெண்கள் வலி வரவைக்கிற ஊசியைக் கேட்டு வாங்கியிருக்காங்க. வலி கூடினால்தான் பிள்ளை சீக்கிரம் பிறக்கும், பெண்ணின் சக்தியும் அதில்தான் என்று. கூடவே மருத்துவமனைகளில் திட்டு வாங்கினதையும், தங்களிடம் கேட்காமலேயே பிரசவம் முடிஞ்ச கையோடு கருத்தடைச் சாதனம் வெச்சதையும் அவங்க சொல்லியிருக்காங்க.

என் அம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதே பத்தாண்டு. அதைப் படிச்ச பிறகுதான் எனக்கு உறைச்சது: இது ஒரு நர்ஸோட கோபம் மட்டும் இல்லை. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்குப் பிரசவம் பார்க்கிற, பேசுறதுக்குப் பயிற்சியே கொடுக்கப்படாத ஒருத்தருக்குக் கையில் மிஞ்சுகிற கருவி அதட்டல்தான்.

வீட்டுப் பிரசவம் பொற்காலமா?

இந்த இடத்தில் சில பேர் "அந்தக் காலத்தில் மருத்துவச்சி எவ்வளவு அன்பா பார்த்துக்கிட்டா தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. பாதி உண்மை. மருத்துவச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பா, பேசுவா, முதுகு தடவி விடுவா, அம்மாவும் அத்தையும் கூட இருப்பாங்க. ஆனா ரத்தப்போக்கு நிக்கலைன்னா அவளிடம் செய்ய ஒன்றும் இருக்காது. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடி அறுத்தா குழந்தைக்கு வில்வாத ஜன்னி வரும். ஆங்கிலேய அரசு அதைச் சரிசெய்ய 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி மூலம் விக்டோரியா நினைவு நிதி என்று ஒன்று தொடங்கி மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. அங்கேயும் பயிற்சி ஒருவழிப் பாதை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். அவளிடம் கேட்டுத் தெரிஞ்சுக்க ஏதாவது இருக்குமா என்ற கேள்வி பெரும்பாலும் எழலை.

எண்கள் தெளிவா இருக்கு. 2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தாங்க. 2018-20-ல் அது 54. அதே கணக்கில் இந்தியா முழுமைக்கும் 301-லிருந்து 97. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று யாராவது யூடியூபில் சொன்னா இந்த எண்களைக் காட்டுங்க.

சாஃப்ட்வேர்காரங்க பாஷையில் சொன்னா, பழைய சிஸ்டத்திலிருந்து புது சிஸ்டத்துக்கு மாறினோம், அது நல்ல மாற்றம்தான். ஆனா மாத்தும்போது ஒரு வசதி விட்டுப்போச்சு. கூட இருந்து பேசுற ஆள்.

விட்டதைத் திரும்பக் கொண்டுவந்த கதை

சந்தோஷமான விஷயம், அதைக் கவனிச்சவங்க தமிழ்நாட்டு சுகாதாரத் துறைக்குள்ளேயே இருந்தாங்க. 1990-களில் இங்கே ஒரு வழக்கம் தொடங்கியது. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், அவள் வீட்டுக்குப் போய் உறவினர்களிடம் நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிவு செய்வது. எப்போ கிளம்பினீங்க, எங்கே காத்திருந்தீங்க, யார் என்ன சொன்னாங்க? முடிவெடுக்கத் தாமதமா, போய்ச்சேரத் தாமதமா, போன இடத்தில் தாமதமா என்று பிரிச்சுப் பார்க்க அது உதவியது. இறந்த பிறகாவது அவள் பக்கத்துக் கதையைக் கேட்கிற ஏற்பாடு.

2004-ல் இன்னொன்று. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு உறவுக்காரப் பெண் கூட இருக்கலாம் என்று தமிழ்நாடு அனுமதி கொடுத்தது. மத்திய அரசு அதை நாடு முழுக்கச் சொன்னது 2016-ல். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் விருப்பமான ஒருவர் துணை இருப்பதும், புரியும்படி பேசுவதும், மரியாதையாக நடத்துவதும் தனித்தனிப் பரிந்துரைகளாக இருக்கு.

இதெல்லாம் ஜெனீவாவில் கண்டுபிடிச்சதுன்னு நினைச்சா, திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதையை ஞாபகப்படுத்திக்கோங்க. ரத்னாவதிக்குப் பிரசவ நேரம், காவிரியில் வெள்ளம், அம்மாவால் அக்கரையிலிருந்து வர முடியலை. சிவனே அம்மா உருவத்தில் வந்து பக்கத்தில் இருந்தார். அந்தக் கதையில் கடவுள் தாயாகி வந்து துணைக்கு உட்கார்றார். பிரசவத்துக்கு ஆள் துணை எவ்வளவு முக்கியம்னு நம்ம ஊருக்கு எப்பவோ தெரியும்.

வளைகாப்பும் அப்படித்தான். கூடி உட்கார்ந்து பெரியவங்க தங்கள் பிரசவக் கதையைச் சொல்ற நாள் அது. ஐரோப்பாவில் 1950-களில் லமாஸ் மாதிரி டாக்டர்கள் பிரசவத்துக்கு முன்பே தாயைத் தயார்படுத்துற வகுப்பைப் பிரபலமாக்கினாங்க. பயம் குறைந்தால் வலியைத் தாங்குவது எளிது என்பது அடிப்படை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வளைகாப்பு நடத்தி, கர்ப்பிணிகளை வரவழைச்சு, பிரசவ அறையையும் காட்டினாங்க. எந்தக் கட்டில், எந்த நர்ஸ், எந்த வழியா வரணும் என்று முன்னாடியே தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

டாக்டர் பக்கத்தில்? 2018-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் மனப்பான்மை, நெறிமுறை, தகவல் தொடர்பு என்று ஒரு பாடத்தொகுப்பை வெளியிட்டது. 2019-ல் சேர்ந்த எம்பிபிஎஸ் பேட்சிலிருந்து அது கட்டாயம். நோயாளியிடம் எப்படிக் கேட்பது, கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, சம்மதம் எப்படி வாங்குவது எல்லாம் அதில் உண்டு. 1844-லிருந்து 2019 வரை கணக்குப் போட்டுக்கோங்க. 175 வருஷம். திருவண்ணாமலைக்கே 2013-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு. பேசுவது பாடமானது அதுக்கும் பிறகுதான்.

கையெழுத்து யாருடையது?

இது வெறும் கனிவு பற்றிய விஷயம் இல்லை. அதே 2019-21 ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இதில் எது தேவை, எது தேவையில்லை என்று நான் தீர்ப்பு சொல்ல முடியாது, உயிர் காத்தது நிறைய. ஆனா ரெண்டில் ஒரு பெண் கத்தி வைக்கப்படும் நிலையில், "ஏன்?" என்று அவளுக்குத் தெரிஞ்சிருக்கா?

பெரும்பாலும் ஃபார்மில் கையெழுத்து போடுறது கணவர் அல்லது அப்பா. 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவர் அம்மா சம்மதம் சொன்னது செல்லாது. வயது வந்த, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்கு அவர் சம்மதம்தான் சம்மதம். உயிருக்கு ஆபத்தான அவசரம் மட்டும் விதிவிலக்கு. திண்டிவனத்தில் வாசலில் நின்ற மூணு கணவர்களிலிருந்து இந்தத் தீர்ப்பு வரைக்கும் நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கு. நடைமுறையில் ஃபார்ம் இன்னும் வராண்டாவில் நிற்கிற ஆண் கையில்தான் நீட்டப்படுது.

அக்காவோடு உட்கார்ந்து நாங்க ஒரு சின்னப் பட்டியல் போட்டோம். உங்களுக்கும் உதவலாம். ஒன்று, என்கூட யார் இருக்கலாம்? ரெண்டு, எப்போ கிளம்பி வரணும், பனிக்குடம் உடைஞ்சா உடனே வரணுமா? மூணு, வலி வரவைக்க ஊசி போட்டா எனக்குச் சொல்வீங்களா? நாலு, தையல் போடும் நிலை வந்தா முன்னாடி சொல்வீங்களா? அஞ்சு, சிசேரியன் என்றால் காரணத்தைத் தமிழில், என்னிடம் சொல்ல முடியுமா? அடுத்த செக்கப்பில் அக்கா கேட்டா. டாக்டர் ஃபைலை மூடி வெச்சுட்டு பத்து நிமிஷம் பதில் சொன்னாங்களாம். ஊசி பத்திக் கேட்டப்போ, "இதை யாரும் கேட்கிறதே இல்லைம்மா"ன்னு சொல்லியிருக்காங்க. நான் வரலை, அக்கா தனியாத்தான் போனா. அரசு கொடுக்கிற தாய் சேய் நல அட்டை தமிழில் இருக்கு, அதையும் இப்போ முழுசாப் படிச்சிருக்கா.

கேட்டுக்கிட்டிருக்கிற பசங்களுக்கு ஒரு வார்த்தை. இது பெண்கள் விஷயம்னு ஸ்கிப் பண்ணியிருந்தா இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டீங்க, அதனால நன்றி. ஒரு நாள் அந்த ஃபார்ம் உங்க கையில் நீட்டப்படும். பேனாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி, "அவளிடம் சொல்லிட்டீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

இந்த வாரம் உங்க அம்மாகிட்ட நீங்க பிறந்த நாளைப் பத்திக் கேளுங்க. தேதி, நட்சத்திரம் இல்லை. அந்த அறையில் யார் இருந்தாங்க, என்ன சொன்னாங்கன்னு. அவங்க சம்மதிச்சா மட்டும், பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் இல்லாம, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. வந்ததைத் தொகுத்து இன்னொரு எபிசோட் பண்ணலாம்.